நாற்பத்தொரு வினாடி

ஜூலை 2, ஞாயிறு

நாட்குறிப்பு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். ‘இன்று மனம் கனத்தது’ என்று எழுதுவார்கள். எத்தனை கிலோ என்று எழுத மாட்டார்கள். ஆகவே இது நாட்குறிப்பு இல்லை, லாக் புக். துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் மோட்டார்களை இயக்கும் கன்ட்ரோல் பேனல்கள் செய்கிறோம். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு லாக் புக் உண்டு: எதை மாட்டினோம், எதைச் சோதித்தோம், எது புகைந்தது. எங்கள் பொன்மணி நகருக்கு நான் செய்யப்போகும் சைரனுக்கு இது.

காரணத்தை எழுதிவிடுகிறேன். ஜூன் 19, பகல் பதினொன்றரை மணி. அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா கத்தியிருக்கிறாள். நகரில் அறுபத்திரண்டு வீடுகள். ஒரு கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்ததாம். எதிர் வீட்டில் டிவியாம். அறுபத்திரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மிக்சி ஓடினால் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்க வேண்டும், போகவில்லை.

அம்மாவின் கழுத்தில் இருந்த சிவப்புக் கோடு இப்போது கறுப்பாகிவிட்டது. துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறாள். என் படுக்கைக்கு மேலே எப்போதும் ஒரு ஈரப் பாவாடை.

இன்று குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் குஞ்சிதபாதம் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருமினால்கூட ‘மேற்படி’ என்றுதான் ஆரம்பிப்பார். கேமரா வைக்கலாம் என்றார். நான் எழுந்து, “கேமரா திருடனப் படம் புடிக்கும், திருடனப் புடிக்காது. நமக்கு ஆளு வரணும். வீட்டுக்கு ஒரு பட்டன், எங்க மொட்டை மாடில ஒரு சைரன். யாரு அமுக்கினாலும் எல்லாரும் ஓடி வரணும். அவ்வளவுதான்,” என்றேன்.

கைதட்டினார்கள். பாலிடெக்னிக்கில் எனக்கு ஒரே ஒருமுறை கைதட்டல் கிடைத்திருக்கிறது. அது பின்னால் நின்றவனுக்கு என்று பிறகு தெரிந்தது.

ஜூலை 8, சனி

ஒயரிங் முடிந்தது. வீட்டுக்கு இரண்டு பட்டன். சிவப்பு அழுத்தினால் சைரன் அடிக்கும், பச்சை அழுத்தினால் நிற்கும்.

கடைசித் தெருவில் ஸ்டெல்லா அக்கா வீடு. அவர் கணவர் சவரிமுத்து ஒரு இரும்புப் பட்டறையில் சூப்பர்வைசர். அக்கா தையல் வேலை செய்கிறவர். எதைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். பட்டனையும் அப்படித்தான் பார்த்தார்.

“தம்பி, தெரியாம அமுக்கிட்டேன்னு வை?”

“பச்சைய அமுக்குங்கக்கா. நின்னுடும்.”

“நெசமா நின்னுடுமா?”

“அக்கா, நான் டிப்ளமா ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

“அதனாலதான் கேக்கறேன்,” என்றார்.

ஜூலை 16, ஞாயிறு

முதல் ஒத்திகை. படுதோல்வி.

முதல் ஆள் வந்த நேரம்: 3 நிமிடம் 50 வினாடி. அவரும் தண்ணி லாரி வந்துவிட்டதா என்று கேட்கக் குடத்தோடு வந்தவர். மொத்தம் பதினோரு பேர்.

கோளாறு எங்கே என்று பார்த்தேன். பச்சைப் பட்டனில். இந்த வாரத்தில் நான்கு பேர் சிவப்பை அழுத்தி, வெட்கப்பட்டு உடனே பச்சையை அழுத்தியிருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் பூனை, ஒருவர் வீட்டில் கூரியர்க்காரர். சைரன் ஆரம்பிப்பதும் நிற்பதுமாக இருந்தால் யார் செருப்பு மாட்டுவார்கள்? பாதி மாட்டியதும் நின்றுவிடுகிறது. வீண் அழைப்பு மூன்று வந்தால் நான்காவதுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். அந்த நான்காவது அம்மாவாக இருக்கலாம்.

ஒத்திகைக்குப் பிறகு நடந்த சங்கக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்: “பச்சைய எடுத்துடறேன். இனிமே அமுக்குனா அமுக்குனதுதான். மூணு நிமிஷம் அடிச்சுட்டுத்தான் ஓயும். யாராலயும் நிறுத்த முடியாது.”

மறுபடியும் கைதட்டல். தலைவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: “வெறுங்கைய வீசிக்கிட்டு வந்து என்ன பிரயோசனம்? ஆளுக்கு ஒண்ணு கையில இருக்கணும்.” தீர்மானப் புத்தகத்தில் அதை ‘தற்காப்புச் சாதனம்’ என்று எழுதினார். பச்சைப் பட்டன் விஷயத்தை ‘சைரன் மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதினார்.

மாலையில் மெயின் பெட்டியில் பச்சை ஒயரை வெட்டினேன். அறுபத்திரண்டு சுவரிலிருந்தும் பட்டனைக் கழற்றப் பொறுமை இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும், சும்மாதானே.

பாக்கி: கூட்டத்துக்கு வராத ஒன்பது வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். (ஸ்டெல்லா அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார்.)

ஜூலை 23, ஞாயிறு

இரண்டாவது ஒத்திகை. முதல் ஆள்: 1 நிமிடம் 32. மொத்தம் நாற்பத்தைந்து பேர். கிரிக்கெட் மட்டை, பைப், ஒட்டடைக் கம்பு, ஒருவர் கையில் ஷேவிங் நுரையோடு ரேசர். எட்டு வருடமாகச் சுற்றுச்சுவர்த் தகராறில் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

அம்மா வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

இதை எழுதும்போது மனம் என்னவோ செய்கிறது. எத்தனை கிலோ என்று தெரியவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

மூன்றாவது ஒத்திகை. முதல் ஆள் 58 வினாடி. ஒன்பது வீடு பாக்கி, அப்படியே.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அழுத்திய நேரம்: காலை 11.22.
வீடு: ஸ்டெல்லா அக்கா.
முதல் ஆள்: 41 வினாடி.
இருபதாவது ஆள்: 1 நிமிடம் 50.
சைரன் நின்றது: சரியாக 3 நிமிடம்.
ஒருவன் பிடிபட்டான்.
சிஸ்டம் சரியாக வேலை செய்தது.

அதே நாள், மாலை

வலது கை வீங்கிவிட்டது. பட்டறையில் பேனல் கதவு இடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஏது என்று கேட்கவில்லை. கிழமை மறந்துவிட்டாள்போல.

ஆகஸ்ட் 7, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ளங்கை எலும்பில் முறிவு.

“யாரக் குத்துனீங்க?”

“கதவு இடிச்சுடுச்சு சார்.”

“கதவு இடிச்சா விரல் நசுங்கும் தம்பி. இந்த எலும்பு ரெண்டு வழிலதான் ஒடையும். ஒண்ணு சொவத்தக் குத்தணும், இல்லாட்டி ஆளக் குத்தணும்.”

“சொவரு,” என்றேன்.

“சொவரு எப்பிடி இருக்கு இப்ப?” என்று கேட்டுக்கொண்டே மாவுக்கட்டுப் போட்டார். இந்த ஊரில் டாக்டர்களுக்கு வேறு வேலை இல்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அவன் திருடன் இல்லை.

பெயர் வீரமலை. சவரி அண்ணனின் பட்டறையில் கேஸ் கட்டிங்கில் இரும்பு வெட்டுகிறவர். ஊர் லால்குடிக்குப் பக்கம். ஆவணியில் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். சவரி அண்ணன் கறி வாங்கப் போயிருந்தார். எங்கள் நகரில் மனை எண் வேறு, கதவு எண் வேறு. கண்டுபிடிக்க முடியாமல் நான்கு கேட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஐந்தாவது கேட்டில் கொண்டியைத் திறக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறார். சமையலறை ஜன்னல் வழியாக அக்காவுக்குத் தெரிந்தது அந்தக் கை மட்டும்.

கையில் மஞ்சள் பை இருந்தது. அதற்குள் வெற்றிலை, பத்திரிகைக் கட்டு, ஒரு குங்குமப் பொட்டலம். குங்குமத்தைப் பிரித்துப் பார்த்த யாரோ மயக்கப் பொடி என்று சொன்னார்கள். உடனே பத்துப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதில் நான்கு பேர் பட்டதாரிகள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவர்.

தாடை உடைந்திருக்கிறது. மூன்று விலா எலும்பு. இன்று காலைதான் நினைவு திரும்பியதாம். இடது கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

தவறுதான். ஆனால் சைரன் சத்தத்தில் யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. அது ஒலி அளவு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆகஸ்ட் 10, வியாழன்

போலீஸ் வழக்குப் பதிவு செய்திருக்கிறது: ‘பெயர் தெரியாத சுமார் நாற்பது நபர்கள்.’ பெயர்ப்பலகை இல்லாத வீடே கிடையாது எங்கள் நகரில். டாக்டர் பட்டம் வாங்கியவர் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்.

சங்கத்தின் அவசரக் கூட்டம் தலைவர் வீட்டு ஹாலில். எல்லோருக்கும் காபி. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, காபியைத்தான் பார்த்தோம்.

“மேற்படி சம்பவத்துல,” என்று தலைவர் ஆரம்பித்தார், “நாம போறப்பவே அந்தாளு கீழ விழுந்து கெடந்தான். அப்பிடித்தான?”

“ஆமா, ஓடுறப்ப தடுக்கி விழுந்தான்,” என்றார் வேதியியல் வாத்தியார்.

“சைரன் அமுக்குனது யாரு? ஸ்டெல்லா. ஆளத் தெரிஞ்சதும் பச்சைய அமுக்கி நிறுத்தியிருக்கலாமில்ல? நிறுத்தல. அதனால கூட்டம் கூடிடுச்சு. இதுதான் நடந்தது. போலீசுக்கு இப்பிடி ஒரு மனு குடுத்துடுவோம்.”

பச்சை ஒயரை நான் வெட்டியது அந்த ஹாலில் பாதிப் பேருக்காவது தெரியும், கைதட்டியவர்கள்தானே. தலைவர் என்னைப் பார்த்தார். “என்ன தம்பி, பட்டன் செவுத்துல இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

பொய் இல்லை. பட்டன் சுவரில் இருக்கிறது.

மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குக் கையில் கட்டு. “பரவால்ல, விடு,” என்றார் தலைவர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எலும்பு முறிவு எனக்கு உதவியது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

பட்டறைக்குப் போனேன். முதலாளி நசீர் பாய் என் மாவுக்கட்டைப் பார்த்தார். கோயமுத்தூர் மசாலா மில்லுக்குப் போகவேண்டிய பேனலைச் சரிபார்க்கச் சொன்னார். ஒற்றைக் கையால் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பாய் பின்னால் வந்து நின்றார்.

“பரிதி, உங்க ஏரியா சைரன் நீதான பண்ண? எப்பிடிப் பண்ணுன, வரஞ்சு காட்டு.”

அட்டையில் வரைந்தேன். இடது கையால் வரைந்தாலும் அழகாகத்தான் இருந்தது. பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“ஸ்டாப் எங்க?”

“எடுத்துட்டேன் பாய்.”

“ஏன்?”

“வர்றவங்க வேகம் கொறஞ்சுது.”

பாய் அந்த மசாலா மில் பேனலில் இருந்த பெரிய சிவப்பு ஸ்டாப் குமிழைத் தட்டினார். “இது இல்லாம இந்தப் பேனல வெளிய அனுப்புவியா?”

“மாட்டேன் பாய்.”

“இதுல அரைபடப்போறது மொளகா.”

அவ்வளவுதான் சொன்னார். டீ குடிக்கப் போய்விட்டார். பத்து வருஷம் சர்வீஸ் ஆனவனைத் திட்டினால்கூட ஒரு மணி நேரம் திட்டுவார். எனக்கு மூன்று வார்த்தையோடு நிறுத்தியது அவமானமாக இருந்தது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஸ்டெல்லா அக்கா கடைக்குப் போகும்போது யாரும் பேசுவதில்லை. அவர் வீட்டுக் கேட்டில் யாரோ சாக்பீஸால் ‘பச்சை’ என்று எழுதியிருக்கிறார்கள். போலீஸ் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனது. புதன்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். தெரியாமல் அழுத்தினாரா, வேண்டுமென்றே நிறுத்தாமல் விட்டாரா என்று எழுதி வாங்கப் போகிறார்கள்.

அவர் வீட்டுப் பச்சைப் பட்டனைக் கழற்றி எடுத்து வரலாம் என்று போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது, ‘சர்வீஸ்.’

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“எத்தன தடவ அமுக்குனேன் தெரியுமா இத? வெரல் ரத்தங்கட்டிப்போச்சு.” கட்டைவிரலைக் காட்டினார். நகத்தில் பிறை போலக் கறுப்பு. “அமுக்கறேன், நிக்கல. அமுக்கறேன், நிக்கல. அந்த மனுசன் கேட்டுப் பக்கத்துல, ‘இது சவரி அண்ணன் வீடுங்களா’ன்னு கும்புட்டுக்கிட்டு நிக்கறாரு.”

“ஒயர வெட்டிட்டேன்க்கா. உங்களுக்குச் சொல்ல வரணும்னு இருந்தேன்.”

“என்னைக்கு வெட்டுன?”

“ஜூலை பதினாறு.”

அவர் மனக்கணக்குப் போட்டார். நான் தலையைக் குனிந்து அவர் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

“போலீஸ்கிட்ட நான் அமுக்குனத சொல்லிட்டேன். பச்சை வேலை செய்யலன்னும் சொன்னேன். நம்பல. இன்னொண்ணு இருக்கு, அத நான் சொல்லல,” என்றார். “அது நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

(மேலே உள்ள வரி தவறு. புரிந்தது. இடது கையால் அடித்துத் திருத்தப் பொறுமை இல்லை, அப்படியே விடுகிறேன்.)

ஆகஸ்ட் 14, திங்கள்

அரை நாள் லீவு. அரசு மருத்துவமனை. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். மெஷின் உடைந்தால் போய்ப் பார்க்கிறோம் இல்லையா, அதுபோல. எவ்வளவு முட்டாள்தனமான உவமை என்று வார்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

கட்டிலருகே அவர் மனைவி. பெயர் அஞ்சலை. நான் வாயைத் திறப்பதற்குள், “சவரி அண்ணன் அனுப்பிச்சாங்களா? இதச் சித்த புடிங்க தம்பி,” என்று கஞ்சி டம்ளரை என் இடது கையில் கொடுத்துவிட்டார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் ஸ்ட்ராவில்தான் கஞ்சி. அஞ்சலை அவர் தலையைத் தூக்கிப் பிடித்தார். நான் ஸ்ட்ராவை நீட்டினேன்.

வீரமலை வலது கண்ணால் என்னைப் பார்த்தார். முதலில் மாவுக்கட்டை, பிறகு முகத்தை. பிறகு தலையைப் பின்னால் இழுத்தார். இழுக்க இடமில்லை, மனைவியின் கைதான் இருந்தது. கஞ்சி தாடை வழியாக ஒழுகியது.

“குடிங்க, ஏன் இப்பிடிப் பண்றீங்க,” என்று அஞ்சலை துடைத்துவிட்டார். “கூச்சப்படறாரு தம்பி. வேத்து மனுசருன்னு.”

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வீரமலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டை போடாத முதுகில் பைப்பின் அகலத்துக்கு நீலமாகத் தடங்கள். நான்கு எண்ணினேன். எண்ணுவது என் வியாதி. அவற்றில் என்னுடையது எதுவும் இல்லை என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அந்த நொடிக்காக என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

“நான் அடிச்சேங்க,” என்றேன். “முதல் அடி நான்தான்.”

அஞ்சலை என்னைப் பார்த்தார். கத்துவார், எல்லோரும் கூடுவார்கள், என்னை மொத்துவார்கள் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால் அதை எதிர்பார்த்தேன். அது சுலபமாக இருந்திருக்கும்.

என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். மூடி போட்டு வைத்தார்.

“இத எங்கிட்ட வந்து சொன்னா?”

இடது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

“அவரால வாயத் தொறக்க முடியாது. ஒனக்கு வாயி நல்லாத்தான இருக்கு? போயி பேச வேண்டிய எடத்துல பேசு. இங்க நிக்காத, அவரு கஞ்சி குடிக்கணும்.”

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பூங்காவில் கொடியேற்றம். தலைவர் ஏற்றினார், முடிச்சு அவிழவில்லை, என்னைக் கூப்பிட்டார், ஒற்றைக் கையால் இழுத்தேன். மிட்டாய் கொடுத்தார்கள். ‘நகரின் பாதுகாப்புக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய இளைஞர்’ என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போன மாதமே வாங்கி வைத்ததாம், வீணாக்க வேண்டாம் என்று.

நான் அதைப் போர்த்திக்கொண்டு நின்றேன். மறுக்கவில்லை. குனிந்துகூடக் கொடுத்தேன், தலைவர் என்னைவிடக் குள்ளம்.

நாளை காலை பத்து மணிக்கு ஸ்டெல்லா அக்கா ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 16, புதன்

ஒன்பதரைக்கே போய்விட்டேன். வாக்குமூலம் எழுதும் ஏட்டையா சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். மூன்றும் எழுதவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன்.

“என்ன விசயம்?”

“பொன்மணி நகர் கேசுல சார். அதுல நானும் ஒரு ஆளு.”

“சாட்சியா?”

“இல்ல சார். அடிச்ச ஆளு.”

மேலும் கீழும் பார்த்தார். “ஒங்க தலைவரு மனுவுல ஒம்பேரு இல்லியே தம்பி. வேல வெட்டிக்குப் போற பையனாத் தெரியற. எதுக்கு நீயா வந்து மாட்டற? அந்தம்மா வரட்டும், எழுதி வாங்கிட்டு முடிச்சுருவோம்.”

“அந்தம்மாவால நிறுத்த முடியாது சார். நிறுத்தற ஒயர நான் வெட்டிட்டேன். அவங்களுக்குச் சொல்லல.” அந்த மெயின் பெட்டியின் சாவியையும், இந்த லாக் புக்கில் ஜூலை 16-ஆம் தேதிப் பக்கத்தையும் காட்டினேன். அவர் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். முன் பக்கங்களைப் புரட்டி மிக்சி விஷயத்தையும் படித்தார்போல, லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார்.

நான் சொன்னேன், அவர் எழுதினார். பெயர், தகப்பனார் பெயர், படிப்பு. சைரன். ஒயர். நாற்பத்தொரு வினாடி, முதல் ஆள் யார் என்பது. முதல் ஆள் நான். எத்தனை அடி என்றார். இரண்டு என்றேன். கூட யார் யார் என்றார். எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன். தலைவர் பெயரில் நிறுத்தி, “அவருமா?” என்றார். “செருப்பால ஒண்ணு,” என்றேன்.

முடித்துவிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். “...மேற்படி வீரமலை என்பவரைத் திருடன் என்று தவறாக எண்ணி, தெரியாமல் கையால் தாக்கிவிட்டேன்...”

“சார், அந்த எடம் மட்டும்.”

“எது?”

“தெரியாமல்னு இருக்கு. அத எடுத்துடுங்க. திருடன்னு எண்ணிங்கறதையும்.”

“அது ஒனக்கு நல்லதுப்பா. கோர்ட்டுல ஒதவும்.”

“தெரிஞ்சுதான் சார் அடிச்சேன்.”

பேனாவை வைத்துவிட்டார். “திருடன் இல்லன்னு தெரிஞ்சே அடிச்சியா? எதுக்குடா?”

இதுவரை இந்தப் புத்தகத்தில் எழுதாததை அவரிடம் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் அக்காவும் அவரும் மட்டும் இருந்தார்கள். சைரன் சத்தத்தில் கேட்காது என்று அக்கா என் காதிலேயே வாயை வைத்துச் சொன்னார்: “பரிதி, இவரு நம்ம ஆளு. அவருகூட வேல பாக்கறவரு. நிறுத்தச் சொல்லு.” தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும். வீரமலை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். தெருமுனையில் எல்லோரும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், மட்டை, பைப், கம்பு. ஒத்திகையில் ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. இப்போது நான் கையைத் தூக்கி, ‘ஒண்ணுமில்ல, தப்பான அழைப்பு, திரும்பிப் போங்க’ என்று சொல்ல வேண்டும். வீண் அழைப்பு. திரும்பிப் போவார்கள். அடுத்த தடவை பாதிப் பேர் வர மாட்டார்கள். அதற்கடுத்த தடவை யாரும் வர மாட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதும் அதில் இருந்தது. எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து கூட்டத்தைக் கண்டு பயந்து அவர் ஓட ஆரம்பித்தார். சட்டையைப் பிடித்து இழுத்துத் தாடையில் குத்தினேன்.

“வந்தவங்களுக்கு ஒரு திருடன் வேணும் சார். எனக்கும் வேணும்.”

வெளியே பெஞ்சில் ஸ்டெல்லா அக்கா வந்து உட்காருவது தெரிந்தது. கையில் ஜெபமாலையும் தண்ணீர் பாட்டிலும்.

ஏட்டையா பேனாவை எடுத்து, அந்த இரண்டு இடங்களையும் ஒரே நேர்கோடாக அடித்தார். “திருத்துன எடத்துல எல்லாம் கையெழுத்து போடணும்,” என்றார். போட்டேன், இடது கையால், கோணல் மாணலாக. நாளைக் காலை வக்கீலோடு வரச் சொன்னார். மாற்றுத் துணி ஒரு செட் எடுத்துவரச் சொன்னார்.

வெளியே வந்தபோது அக்காவிடம், “சொல்லிட்டேன்க்கா,” என்றேன். “எல்லாத்தையுமா?” என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். மன்னித்ததாகத் தெரியவில்லை. “போ, ஒங்கம்மாகிட்டயும் சொல்லு,” என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுதும் கேட்டாள். ஜெயிலா, வேலை போய்விடுமா, சங்கத்துக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்பாள் என நினைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

“அந்தாளுக்குக் கண்ணு தெரியுதா?” என்றாள்.

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றேன்.

“எந்த வார்டு?”

சொன்னேன். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, நான் கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, தனியாகத் தெருவில் இறங்கிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.